ருக்மணி பேரில் ஒரு வாரம்

திருப்பதியில் வீடு இருக்கிறவர்களுக்கு உறவுக்காரர்கள் குறைவதே இல்லை. கொர்லகுண்டாவில் ருக்மணி குடியேறிய இரண்டு அறை வீட்டில், கல்யாணமான முதல் வருஷத்திலேயே, அவள் பெயர்கூடத் தெரியாதவர்கள் பாய் விரித்துப் படுத்து எழுந்து போனார்கள். அவள் புருஷன் விஜயராகவனுக்கு ஆர்.டி.சி. டிப்போவில் குமாஸ்தா உத்தியோகம். சொந்த ஊர் நகரி. அவருடைய ஆட்கள் அத்தனை பேருக்கும் அங்கே விசைத்தறிதான் பிழைப்பு. கரண்ட் இல்லாவிட்டால் தறி நிற்கும். தறி நின்றுவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பானேன், மலைக்குப் போய்வரலாமே என்று யாருக்காவது தோன்றும். மலைக்கு என்றால் முதல் நாள் சாயங்காலமே ராகவன் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

கோயிலுக்குப் போனவர்கள் நேராகத் தங்கள் வீட்டுக்குத்தான் திரும்ப வேண்டும், நடுவில் இன்னொருத்தர் வாசலை மிதிக்கக் கூடாது என்று அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அந்த வழக்கமாவது தனக்குப் பாதி வேலையைக் குறைக்கும் என்று ருக்மணி நம்பினாள். விஜயராகவனின் அண்ணன் ஆதிநாராயணனும் அவர் மனைவி துர்காதேவியும் முதல் தடவை மொட்டையும் சந்தனமுமாக மலையிலிருந்து இறங்கி வந்தபோது அந்த நம்பிக்கையும் போயிற்று. துர்காதேவி வாசலில் நின்று யோசிக்கக்கூட இல்லை. இது என்ன அசலார் வீடா, நம்ம வீடுதானே என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து செம்பில் தண்ணீர் கேட்டாள். அன்றிலிருந்து அத்தனை பேருக்கும் அது நம்ம வீடாகிவிட்டது. ஏறும்போது ஒரு சாப்பாடு, இறங்கும்போது ஒரு சாப்பாடு.

ருக்மணி சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் வளர்ந்தவள். அம்மா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் கடிகாரச் சத்தம்தான். அப்படி வளர்ந்த பெண்ணை இப்படி ஒரு வீட்டில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. விடியுமுன் எழுந்து குளிக்கிறவர்களுக்கு வெந்நீர் வைத்தாள். கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்து ஏறுகிறவர்களுக்குத் தனியாக எலுமிச்சம்பழமும் உப்பும் பொட்டலம் போட்டாள். ராகவன் பொண்டாட்டி மாதிரி உண்டா என்று நகரி முழுக்கப் பேச்சு. அந்தப் பேரை வாங்கியது அவள், அதை அனுபவித்தது அவர்.

விஜயராகவனைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. குடி இல்லை, சீட்டு இல்லை, பொண்டாட்டியைக் கை நீட்டியதில்லை. அவருக்கு இருந்த ஒரே குறை, வருகிறேன் என்று சொல்பவரிடம் வராதே என்று சொல்ல வாய் வராதது. அதற்கும் காரணம் இருந்தது. அவர் திருப்பதியில் தங்கி பி.காம். படித்த மூன்று வருஷமும் அண்ணன் ஆதிநாராயணன் ராத்திரி ஷிப்ட் தறி ஓட்டிப் பணம் அனுப்பினார். அந்த நன்றிக்கடனைத் தம்பி வாழ்நாள் முழுக்கத் தீர்த்தார். என்ன, தீர்த்தது ருக்மணியின் கையால்.

வருஷம் முழுக்க இந்தக் கூட்டம் என்றாலும், புரட்டாசி வந்தால் அது வேறு கணக்கு. பிரம்மோற்சவம் ஒரு பக்கம், சனிக்கிழமைகள் ஒரு பக்கம். மூன்றாவது சனிக்கிழமைக்குக் கூடத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ருக்மணி சமையலறையிலேயே, அரிசி டின்னுக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலை மடக்கித் தூங்குவாள். மகன் ஹரிபாபுவும் மகள் கல்பனாவும் யாருடைய பாயிலாவது உருண்டு கிடப்பார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் ஊருக்குள் புதுசு புதுசாக என்னென்னவோ வந்துகொண்டிருந்தது. தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத், வீட்டுக்கு வீடு கேபிள். பாத்திரக் கடையில் குக்கர் வாங்கினால் ஒரு கூப்பன் கொடுத்து, பெயரும் விலாசமும் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். ருக்மணி போட்டாள். பதினைந்து நாள் கழித்து, உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதி சமேதராக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று கடிதாசி வந்தது. லீலாமகால் பக்கம் ஒரு பெரிய ஓட்டலில், ஏ.சி. ஹாலில் கூட்டம்.

அங்கே டை கட்டின பையன்கள் ஒவ்வொரு தம்பதியையும் தனித்தனி மேஜையில் உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தார்கள். ஆல்பத்தைத் திறந்தால் கொடைக்கானல். பச்சை மலை, வெள்ளை மெத்தை, ஜன்னலில் பனி. ஒருமுறை பணம் கட்டினால் போதும், இருபத்தைந்து வருஷத்துக்கு வருஷம் ஒரு வாரம் அந்த அறை உங்களுடையது. அப்புறம் பராமரிப்புக்கென்று வருஷத்துக்கு ஏதோ கொஞ்சம். ஓட்டல் வாடகை ஏறிக்கொண்டே போகும், உங்களுக்கு மட்டும் ஏறாது என்று அந்தப் பையன் தெலுங்கிலும் இங்கிலீஷிலும் விளக்கினான். விஜயராகவன் தலையாட்டிக்கொண்டிருந்தார். தலையாட்டத்தான் அவருக்கு நன்றாக வருமே.

வருஷத்தின் வாரங்களுக்கு நிறம் உண்டாம். மே மாசம் சிவப்பு, விலை அதிகம். யாரும் விரும்பாத மழைக்கால வாரங்கள் நீலம், விலை மலிவு. எந்த வாரம் என்று முன்பே எழுதிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. பையன் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதற்கோ, விஜயராகவனை விட்டுவிட்டு ருக்மணியைப் பார்த்தான்.

"மேடம், மீக்கு ஏ வாரம் காவாலி?"

உங்களுக்கு எந்த வாரம் வேண்டும் என்று ஒருத்தர் தன்னைக் கேட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. யோசிக்க வேண்டிய அவசியமே அவளுக்கு இருக்கவில்லை. புரட்டாசி நடுவில் வருகிற வாரம் என்றாள். பையன் காலண்டரைப் பார்த்து, செப்டம்பர் கடைசி வாரம், நீலம், அதுவும் அடிமாட்டு விலை என்று முகம் மலர்ந்தான். பத்திரத்தை மேடம் பேரிலேயே எழுதலாமே என்றான். விஜயராகவன் பி.எஃப்.பில் லோன் போட்டுப் பணம் கட்டினார். பரிசாகக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் சூட்கேஸ்.

திருப்பதியில் குடியிருக்கிற ஒருத்தி புரட்டாசியில் ஊரைவிட்டுக் கிளம்ப முடியும் என்று நினைத்தாளே, அதுதான் அவள் செய்த தப்பு. வேறு எந்த ஊர்க்காரியாக இருந்தாலும் அந்த வாரத்தில் மூட்டை கட்டியிருக்கலாம்.

முதல் வருஷம் சூட்கேஸில் ஸ்வெட்டர்கூட எடுத்து வைத்தாள். கிளம்புவதற்கு முதல் நாள் பாகாலா பாசஞ்சரில் வந்து இறங்கினார்கள் விஜயராகவனின் தாய்மாமன் வீட்டு ஆட்கள், காணிப்பாக்கம் பிள்ளையாரைப் பார்த்துவிட்ட கையோடு. வேண்டுதலோடு வந்தவர்களை வாசலில் வைத்துப் பூட்டிக்கொண்டா போவது என்றார் விஜயராகவன். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் ருக்கு என்றார். அடுத்த வருஷம் துர்காதேவிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன், அது நல்லபடியாக முடிந்ததற்கு மூன்றாவது சனிக்கிழமை மொட்டை. இரண்டு வருஷமும் அறை பூட்டிக் கிடந்தது. பராமரிப்புப் பணம் மட்டும் போனது.

மூன்றாம் வருஷம் போனார்கள். ருக்மணி கொடைக்கானலைப் பார்த்தது அந்த ஒரே தடவைதான். தனியாகவா? விஜயராகவன் சும்மா இருப்பாரா? கொடைக்கானலில் நமக்கு ஒரு வீடு இருக்கிறது என்று நகரியில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருந்தார். ஆதிநாராயணன் குடும்பம், அவர் மைத்துனன் கன்னையா குடும்பம் எல்லாம் ஒரே வேனில் ஏறின. அறையோடு சின்னச் சமையலறை ஒன்று இருந்தது. வெளிச் சாப்பாடு குழந்தைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று, பத்திரம் எழுதும்போதே விஜயராகவன் விசாரித்து வாங்கிய அறை அது. ஏரிக்கு எல்லாரும் போனார்கள். தூண் பாறைக்கு எல்லாரும் போனார்கள். அவர்கள் திரும்பி வருமுன் ருக்மணி குழம்பை இறக்க வேண்டியிருந்தது. ஜன்னலில் பனி இருந்தது என்னவோ உண்மை. அடுப்பு ஆவியில் கண்ணாடி மூடிப்போனதால் அவளுக்கு அது தெரியவில்லை. இந்தக் குளிருக்கு உன் மிளகு ரசம் எப்படி இருக்குது தெரியுமா என்று துர்காதேவி கையை நக்கிக்கொண்டே மெச்சினாள். மனசாரத்தான் மெச்சினாள். ருக்மணிக்கு அந்த ரசத்தை அவள் தலையில் கொட்டலாமா என்றிருந்தது.

அதற்குப் பிறகு அந்த வாரம் ஊர்ப்பொதுவாகிவிட்டது. புதுசாகக் கல்யாணமானவர்கள் கேட்டார்கள். டிப்போ மேனேஜர் கேட்டார். விஜயராகவன் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ருக்மணி ஒரு கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அவள் பேரில் யார் யாரோ பனியைப் பார்த்துவிட்டு வந்து, அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டே, சூப்பர் இடம் சித்தி என்றார்கள்.

விற்றுவிடலாம் என்றும் பார்த்தார்கள். நீல வாரத்தை எவன் வாங்குவான்? கம்பெனிக்கு எழுதினால், அந்தக் கம்பெனியை வேறு ஒரு கம்பெனி வாங்கிவிட்டதாகவும், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவிலான வெள்ளை வாரமாக உயர்த்தித் தருவதாகவும் பதில் வந்தது. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் அதற்கு வழி இல்லை. கட்டாமல் விட்டால் வட்டி, அபராதம், வக்கீல் நோட்டீஸ். ஏறவே ஏறாது என்று பையன் சொன்ன பராமரிப்புப் பணம் வருஷா வருஷம் ஏறியது. உள்ளே போவதற்கு ஜூஸ் கொடுத்தார்கள். வெளியே வருவதற்கு வாசலே வைக்கவில்லை.

ஹரிபாபு இன்ஜினீயரிங் முடித்து ஹைதராபாத் போய், அங்கிருந்து அமெரிக்கா போனான். கல்பனா கல்யாணமாகி சென்னைக்குப் போனாள். பிள்ளைகள் போனதும் வீட்டில் ஓர் அறை காலியானது. அதிலும் ஆட்கள் படுத்தார்கள். ஒரு நாள் ஸ்கைப்பில் ஹரிபாபு அந்தப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டுக் கணக்குப் போட்டான். அதே பணத்தைப் போஸ்ட் ஆபீசில் போட்டிருந்தால் வருஷம் இரண்டு தடவை கொடைக்கானலில் பெரிய ஓட்டலிலேயே தங்கியிருக்கலாம், உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள் நைனா என்றான். விஜயராகவனுக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் பணத்தில் பார்க்காதே, எத்தனை பேர் நம்மால் போய் வந்தார்கள், அதற்கு ரேட் போடுவாயா என்றார். லாபமா நஷ்டமா என்று அப்பாவும் பிள்ளையும் அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்கள். பத்திரத்தில் பெயர் இருந்தவளை இரண்டு பேருமே கேட்கவில்லை. அவள் நகரியிலிருந்து வந்தவர்களுக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படியே வருஷங்கள் ஓடின. விஜயராகவன் ரிட்டையர் ஆனார். ருக்மணிக்கு முழங்கால் தேய்ந்தது. அறுபதைத் தாண்டினாள். ஒவ்வொரு செப்டம்பரும் அவளுக்குள் ஏதோ ஒன்று எழுந்து உட்கார்ந்து, இந்தத் தடவையாவது என்று கேட்கும். ஒவ்வொரு அக்டோபரும் அதை அவள் படுக்கவைத்தாள்.

அப்புறம் கொரோனா வந்தது. இரண்டாயிரத்து இருபது புரட்டாசியில் உற்சவம் கோயிலுக்குள்ளேயே நடந்தது. கொர்லகுண்டா தெருவில் நாய்கூட நடமாடவில்லை. கொடைக்கானலுக்குப் போக பாஸ் வேண்டும், ரிசார்ட்டும் மூடிக் கிடந்தது. நகரியிலிருந்து ஒருத்தர் வரவில்லை. போன் மட்டும் வந்தது, ஜாக்கிரதையா இருங்க என்று.

அந்த வாரத்தின் மூன்றாவது நாள் வெயில் ஏறும்வரை ருக்மணி எழவில்லை. விஜயராகவன் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். ஜுரம் எல்லாம் இல்லை, தூங்கினேன் என்றாள். அன்று மத்தியானம் இரண்டு பேரும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மோர்சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷமும் கட்டின பணம் வீண்தான் என்று அவர் அலுத்துக்கொண்டார்.

"வீண் இல்லீங்க. இதான் அந்த வாரம்" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"நான் கொடைக்கானலு கேட்டனா? யாரும் வராத ஒரு வாரம்தான கேட்டேன். போன்ல நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். அத சொல்றதுக்கு பயந்துக்கினு இத்தினி வருசமா பணம் கட்டிக்கினு இருந்தீங்க."

விஜயராகவன் தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. கை காய்ந்துபோயிற்று. அவர் கண்ணில் நீர் கோத்ததைப் பார்த்ததும் ருக்மணிக்கே பாவமாக இருந்தது. அடுத்த வருஷம்தான் கடைசி வருஷம், அண்ணனிடம் நானே சொல்லிவிடுகிறேன், நாம் ரெண்டு பேர் மட்டும் போகலாம் என்று அவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அவள் நம்பினாள். ஒரு வருஷம் முழுக்க நம்பினாள்.

அடுத்த புரட்டாசிக்கு கல்பனா சென்னையிலிருந்தே பஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்தாள். ரிசார்ட் திறந்துவிட்டார்கள், அறை உறுதி என்று மெசேஜ் வந்தது. கிளம்புவதற்கு மூன்று நாள் இருக்கும்போது ஆதிநாராயணன் போன் செய்தார். பேரனுக்கு முதல் முடி இறக்க வேண்டும், கொரோனாவால் தள்ளித் தள்ளிப் போய்விட்டது, மூன்றாவது சனிக்கிழமைக்கு ஆன்லைனில் தரிசன டிக்கெட் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமையே வந்துவிடுகிறோம் என்றார். அண்ணனுக்கு வயசாகிக் குரல் நடுங்கியது. ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

விஜயராகவன் எதிரில் உட்கார்ந்திருந்த ருக்மணியைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"வாங்கண்ணா, வாங்க. எத்தினி பேரு?"

ருக்மணிக்குக் கோபம் வரவில்லை. கெட்ட மனுஷனாக இருந்தால் சண்டை போடலாம், மகள் வீட்டுக்குப் போய்விட்டேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இன்னும் இருபத்தைந்து வருஷம் காத்திருந்தாலும் அந்த ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வராது என்று அவளுக்கு அன்றைக்குத் தெளிவாகத் தெரிந்தது. அழுகை வந்தது. அதையும் அவள் அழவில்லை.

திங்கட்கிழமை வாரம் பிறந்தது. ருக்மணி எழுந்து குளித்து, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஹரிபாபுவின் பழைய அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்தாள். படுத்தவள் படுத்தவள்தான். விஜயராகவன் காபி போட்டுக் கொண்டுவந்தார், குடித்தாள். ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்தார், சாப்பிட்டாள். கோபமா என்றார். இல்லை என்றாள். டாக்டரிடம் போகலாமா என்றார். வேண்டாம் என்றாள். வெள்ளிக்கிழமை எல்லாரும் வருவார்களே என்று மெல்ல நினைவுபடுத்தினார். வரட்டும் என்றாள்.

வந்தார்கள். வாசலில் செருப்புச் சத்தம், பேரன் அழுகை, வாளி உருளும் சத்தம். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் யாரோ பாலை அடுப்பில் வைத்தார்கள். அது பொங்குவது ருக்மணிக்கு மணத்திலேயே தெரிந்தது. அவள் கேட்காமலே கால் இரண்டும் கட்டிலிலிருந்து கீழே இறங்கிவிட்டன. தரை குளிர்ந்தது. பால் வழிந்து தீய்ந்த வாடை வந்தது. உடம்பு முழுக்க அவளை எழுந்து போ, எழுந்து போ என்றது. இத்தனை வருஷப் பழக்கம் அது. கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக மேலே இழுத்துப் போட்டாள்.

துர்காதேவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே அறைக்குள் வந்தாள். பின்னால் கதவருகில் விஜயராகவன் வந்து நின்றார்.

"உடம்பு இன்னா ருக்கு? ஜுரமா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லக்கா. இது என் வாரம்."

துர்காதேவி கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். ஏதாவது சொல்வார் என்று ருக்மணியும் ஒரு கணம் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. என்ன வாரம், ஏது வாரம் என்று துர்காதேவிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கூடத்தில் பன்னிரண்டு பேர் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, புளி எங்க வச்சிருக்க? அதயாவது சொல்லு" என்றாள்.

புளி எங்கே இருக்கிறது என்று அந்த வீட்டில் ருக்மணியைத் தவிர யாருக்கும் தெரியாது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.